இருபத்துமூன்றிலேயே தோற்பவர்

மிரான் என்ற அந்தப் பெண் எங்கள் மன்றத்துக்கு வந்த பதினோராவது நாள், அவர் ஏமாற்றுகிறார் என்று நான் கண்டுபிடித்தேன்.

யாரும் நம்பவில்லை. எனக்குப் பதினொரு வயது. அந்த வயதில் ஒரு பெண் ஏதாவது சொன்னால் பெரியவர்கள் முதலில் தலையைத் தடவுவார்கள், பிறகு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். எனக்கு இரண்டுமே பிடிக்காது.

எங்கள் இறகுப்பந்து மன்றம் தென் கொரியாவின் ஜின்ஜு நகரத்தில், மலையடிவாரத்தில் இருக்கிறது. தகரக் கூரை போட்ட கூடம், மூன்று கோர்ட். காலை ஆறு மணிக்கெல்லாம் ஆட்டம் தொடங்கிவிடும். என் அம்மாதான் மன்றத்தின் செயலாளர். நகரப் பேருந்து ஓட்டுகிறார். காலையில் விளையாட வேண்டும் என்பதற்காகவே மதிய ஷிஃப்ட் கேட்டு வாங்கியவர். அப்பாவுக்குக் கொஜே தீவில் கப்பல் கட்டும் வேலை, மாதம் இரண்டு முறைதான் வருவார். அதனால் அம்மா என்னையும் எழுப்பி இழுத்துக்கொண்டு வருவார். சும்மா உட்காரக் கூடாது என்று எனக்கு ஒரு வேலையும் உண்டு. இரண்டாம் கோர்ட்டுக்குப் பின்னால் நின்று புள்ளிகளைக் காட்டும் எண் அட்டைகளைத் திருப்ப வேண்டும்.

அது சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். விளையாடுபவர்கள் பந்தைத்தான் பார்ப்பார்கள். அட்டை திருப்புபவள் எல்லோரையும் பார்ப்பாள்.

கூடத்தின் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை இருக்கிறது. ஒவ்வொருவர் பெயரும் ஒரு காந்த வில்லையில் எழுதியிருக்கும். நான்கு வில்லைகளை ஒரு கட்டத்தில் ஒட்டினால், அந்த நான்கு பேருக்கு அடுத்த ஆட்டம். நன்றாக விளையாடும் ஏ நிலைக்காரர்களுக்குச் சிவப்பு வில்லை. பிறகு பி, சி. கடைசியில் டி நிலை, அதற்கு மஞ்சள். அம்மா ஐந்து வருடமாக மஞ்சள்தான். என்னுடையது அதற்கும் கீழே, வெறும் வெள்ளை.

மிரான் முதல் நாள் வந்தபோது, முன்பு விளையாடியிருக்கிறாரா என்று தலைவர் ஹோங் கேட்டார். சின்ன வயதில் கொஞ்சம், என்றார் மிரான். தலைவர் அவரை ஓர் ஆட்டம் ஆட வைத்துப் பார்த்தார். பாதிப் பந்து வலையில் விழுந்தது. தலைவர் பெருந்தன்மையாகச் சிரித்து, மஞ்சள் வில்லையில் அவர் பெயரை எழுதினார்.

எங்கள் மன்றத்தில் ஒரு வழக்கம். புதிதாக வருபவர் ஒரு மாதம் விளையாடலாம். நான்காவது சனிக்கிழமை, இவர் வேண்டாம் என்பவர்கள் கை தூக்கலாம். மூன்று கைகள் எழுந்தால் அவர் வேறு மன்றம் தேடிக்கொள்ள வேண்டியதுதான். மிரான் ஏற்கெனவே இரண்டு மன்றங்களில் இருந்துவிட்டுத்தான் எங்களிடம் வந்திருக்கிறார் என்று பூயோங் அத்தை சொன்னார். பூயோங் அத்தை கோழி வறுவல் கடை வைத்திருப்பவர். ஊரில் யார் வீட்டில் எத்தனை கோழி வாங்குகிறார்கள் என்பதிலிருந்து யார் யாரோடு பேசுவதில்லை என்பதுவரை அவருக்குத் தெரியும்.

ஏன் அங்கேயெல்லாம் விட்டுவிட்டு வந்தார்? அது மட்டும் அத்தைக்கே தெரியவில்லை. அதனால்தான் எனக்குச் சந்தேகம் வந்தது.

நான் மிரானைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

முதலில், எண்கள். எங்கள் மன்றத்தில் இருபத்தைந்து புள்ளி முதலில் எடுப்பவர் வெற்றி. மிரான் யாரோடு சேர்ந்து ஆடினாலும் தோற்றார். அது குற்றமில்லை, அம்மாவும் தோற்பார். ஆனால் அம்மா ஒரு நாள் பதினெட்டில் தோற்பார், ஒரு நாள் ஒன்பதில் தோற்பார். மிரான் எப்போதும் இருபத்துமூன்றில் தோற்றார். எதிரே நல்ல ஜோடி நின்றாலும் இருபத்துமூன்று. எதிரே தலைவரும் அவருடைய முழங்கால் வலியும் நின்றாலும் இருபத்துமூன்று. பதினோராவது நாள் அந்த அட்டையைத் திருப்பும்போது எனக்குக் கையில் ரோமம் எழுந்தது.

இரண்டாவது, வலை. மோசமாக ஆடுபவர்களின் பந்து எங்கே வேண்டுமானாலும் போகும். போன வாரம் அம்மா அடித்த பந்து தலைவரின் காபிக்குள் போனது. மிரானின் பந்து மட்டும் தவறும்போதெல்லாம் வலையின் மேல் விளிம்பில் தைத்திருக்கும் வெள்ளை நாடாவில் பட்டு விழுந்தது. ஐந்து சென்டிமீட்டர் அகலம்கூட இல்லாத நாடா. ஒவ்வொரு முறையும் அதில் படவேண்டும் என்றால் குறி வைத்துத்தான் அடிக்க வேண்டும்.

மூன்றாவதுதான் பயங்கரம். சர்வீஸ் போடுவதற்கு முன் மிரான் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவார். சில சமயம் சுட்டுவிரலை நீட்டுவார், சில சமயம் கட்டைவிரலை. ஒரு நொடிதான். அவருக்குப் பின்னால் நிற்கும் ஜோடி அதைக் கவனிப்பதே இல்லை. அந்தச் சைகை பிறகு யாருக்கு? கூடத்தில் யாரோ ஓர் ஆள் அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"முதுகு அரிச்சிருக்கும்டி," என்றார்.

"அரிச்சா ஒரு வெரலாலயா சொறிவாங்க? அதுவும் காத்துல?"

அம்மா நுரையைத் துப்பிவிட்டு, எல்லோரையும் சந்தேகப்பட்டால் கடைசியில் கூட விளையாட ஆள் இருக்காது என்றார். இதே அம்மாதான் சந்தையில் தர்பூசணிக்காரர் வெட்டிக் காட்டாமல் ஒரு பழம் வாங்கமாட்டார்.

எனக்கு ஒரு காரணம் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். இலையுதிர் காலத்தில் எங்கள் வட்டாரப் போட்டி நடக்கும். டி நிலையில் ஜெயிக்கும் பெண்கள் ஜோடிக்கு இந்த வருடம் ஆளுக்கு ஒரு குளிர்பெட்டி பரிசு, கிம்ச்சி ஊறுகாய் வைப்பதற்கென்றே செய்தது. அம்மா அந்தப் பெட்டியின் படத்தைத் துண்டறிக்கையிலிருந்து வெட்டி அடுப்புக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறார். ஒரு பெரிய ஆட்டக்காரி ஒன்றும் தெரியாதவர்போல மஞ்சள் வில்லைக்குள் ஒளிந்திருந்தால், போட்டியன்று எழுந்து எல்லோரையும் நசுக்கிவிடலாம். அம்மா மறுபடியும் பழைய பெட்டியின் கதவைக் கயிறு கட்டி மூடிக்கொண்டிருப்பார்.

அதை நான் விடமாட்டேன்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை பள்ளி முடிந்ததும் மத்திய சந்தைக்குப் போனேன். மிரான் அங்கே ஒரு துணைக்கறிக் கடை வைத்திருந்தார். நெத்திலி வறுவல், தாமரைக்கிழங்கு, முள்ளங்கி என்று வரிசையாகத் தட்டுகள். அவர் கிழங்கைச் சீவிக்கொண்டிருந்தார். நான் அவர் கைகளைப் பார்த்தேன். வலது முன்கை இடது கையைவிடத் தடிமன். ஒரே ஆளுக்கு இரண்டு பேரின் கைகளை மாட்டியதுபோல இருந்தது.

"அம்மா முள்ளங்கி வாங்கிட்டு வரச் சொன்னாங்க," என்றேன்.

"உங்கம்மா நேத்துதான் ஒரு கிலோ வாங்கிட்டுப் போனாங்க."

"தீந்துடுச்சு."

"ரெண்டு பேரு ஒரே நாள்ல ஒரு கிலோவா?"

அவர் கத்தியை வைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். நான் அவரைச் சந்தேகப்படுவதுபோலவே அவரும் என்னைச் சந்தேகப்பட்டார். யார் அனுப்பினார்கள் என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். முள்ளங்கியோடு ஒரு கைப்பிடி நெத்திலியையும் பையில் போட்டுக் கொடுத்தார். இது லஞ்சம் என்று எனக்குத் தெரிந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் அதைத் தின்றுவிட்டேன். ருசியாகத்தான் இருந்தது.

அன்று மாலை அம்மாவின் பழைய கைப்பேசியில் அவர் பெயரைத் தேடினேன். பாங் மிரான். அதோடு "இரட்டையர்" என்று சேர்த்தேன்.

வந்து கொட்டியது.

பள்ளிச் சீருடையில் இரண்டு பெண்கள், கழுத்தில் பதக்கம். அதே இரண்டு பெண்கள், ஒரு நிறுவனத்தின் அணிச் சட்டையில். மறுபடியும் அவர்களே, இன்னும் கொஞ்சம் வளர்ந்து, ஒரு கோப்பையை ஆளுக்கு ஒரு காதாகப் பிடித்துக்கொண்டு. ஒருவர் மிரான். மற்றவர் பெயர் ஓக்ஜூ. பதினொரு வருடம் ஒரே ஜோடி. நான் பிறந்ததிலிருந்து இன்றுவரை எவ்வளவு காலமோ, அவ்வளவு காலம் அவர்கள் ஒரே பக்கம் நின்று ஆடியிருக்கிறார்கள். தேசிய அளவில் மூன்றாம் இடம். பிறகு இரண்டாம் இடம். பிறகு ஒன்றுமே இல்லை.

கடைசியாக ஒரு வீடியோ இருந்தது. பதினெட்டு வருடத்துக்கு முந்தைய அரையிறுதி. தலைப்பே "வெட்கங்கெட்ட ஆட்டம்" என்றுதான் இருந்தது.

பார்த்தேன். மிரான் சர்வீஸ் போடப் போனார். கை முதுகுக்குப் பின்னால் போனது. சுட்டுவிரல் நீண்டது. பின்னால் நின்ற ஓக்ஜூ அதைப் பார்த்துத் தலையசைத்து, ஓரடி முன்னால் வந்து நின்றார். அப்போதுதான் அந்தச் சைகை எனக்குப் புரிந்தது. நான் குட்டையாகப் போடப் போகிறேன், நீ தயாராக இரு. அவ்வளவுதான் அதன் பொருள். உளவும் இல்லை, ஒன்றும் இல்லை, பழைய பழக்கம்.

மிரான் அடித்தார். பந்து வெள்ளை நாடாவில் பட்டு விழுந்தது.

அடுத்த சர்வீஸும் நாடா. அதற்கடுத்ததும் நாடா. ஓக்ஜூ மெதுவாகத் திரும்பி மிரானின் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் விவரிக்கமாட்டேன். உங்கள் நெருங்கிய தோழி உங்கள் பையிலிருந்து எதையோ எடுப்பதை நீங்கள் பார்த்துவிட்டால் எப்படிப் பார்ப்பீர்களோ, அப்படி.

எதிரே ஆடிய ஜோடியும் அதே நிறுவனத்தின் அணி. வயதில் மூத்தவர்கள். அவர்கள் ஜெயித்தார்கள். கீழே இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் கருத்து எழுதியிருந்தார்கள். எல்லாம் திட்டு.

சரி, மாட்டிக்கொண்டார் என்று நினைத்தேன். சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்தான். நான் கைப்பேசியைக் காட்டினால் போதும், மூன்று கை என்ன, முப்பது கை எழும்.

ஆனால் ஒன்று உறுத்தியது. நான் அட்டை திருப்புபவள். எண்களைப் பார்க்காமல் இருக்க முடியாது. வீடியோவின் தொடக்கத்தில் மிரானும் ஓக்ஜூவும் பதினொன்றுக்கு ஐந்து என்று முன்னால் இருந்தார்கள். வேண்டுமென்றே தோற்பவர்கள் எதற்கு முதலில் அப்படி ஜெயிக்க வேண்டும்?

இன்னொரு முறை பார்த்தேன். இந்த முறை முதலிலிருந்து, இடைவேளையையும் விடாமல். ஓக்ஜூ ஓரமாக நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். தோளில் துண்டு போட்ட ஓர் ஆள் மிரானிடம் வந்தார். காதருகே குனிந்து ஏதோ சொன்னார். மிரான் தலையை ஆட்டி மறுத்தார். அந்த ஆள் ஓக்ஜூவைக் காட்டி இன்னும் ஏதோ சொன்னார். மிரான் தரையைப் பார்த்தார்.

அதற்குப் பிறகுதான் நாடா.

இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் மூன்று சர்வீஸைப் பார்த்துத் திட்டியிருந்தார்கள். அந்தத் துண்டுக்காரரைப் பற்றி ஒருவர்கூட ஒரு வார்த்தை எழுதவில்லை. எனக்குக் கோபம் வந்தது. முதலில் மிரான்மீது வந்தது. பிறகு யார்மீது வந்தது என்றே தெரியவில்லை, ஆனால் நிறைய வந்தது.

மறுநாள் மறுபடியும் கடைக்குப் போனேன். இந்த முறை முள்ளங்கிப் பொய் சொல்லவில்லை.

"அந்தத் துண்டுக்காரரு உங்க காதுல என்ன சொன்னாரு?"

மிரானின் கை நின்றது. என் கையிலிருந்த கைப்பேசியைப் பார்த்தார். தட்டுகளின்மேல் வலைத்துணியைப் போட்டு மூடினார். ஒரு ஸ்டூலை என் பக்கம் தள்ளினார்.

"பதினெட்டு வருஷமா யாரும் இதக் கேட்டதில்ல," என்றார். "ஏன் அப்படிப் பண்ணேன்னுதான் கேப்பாங்க."

பிறகு சொன்னார். அந்த ஆள் அவர்களுடைய பயிற்சியாளர். எதிரே நின்ற மூத்த ஜோடிக்கு அந்த வெற்றி கிடைத்தால் தேசிய அணியில் இடம் உறுதி. நீங்கள் அவர்களைவிடச் சின்னவர்கள், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம், விட்டுக்கொடு என்றாராம். மிரான் முடியாது என்றார். அப்படியானால் அடுத்த வருடம் ஓக்ஜூவுக்கு அணியில் இடம் கிடையாது என்றாராம். ஓக்ஜூவிடம் சொன்னால் கேட்கமாட்டாள் என்று பயிற்சியாளருக்குத் தெரியும். அதனால் மிரானிடம் மட்டும் சொன்னார்.

"நீங்க ஓக்ஜூ அத்தைகிட்ட சொல்லலையா?"

"ஆட்டம் முடிஞ்சதும் சொன்னேன். உனக்காகத்தான் பண்ணேன்னு சொன்னேன்." மிரான் தன் பெரிய கையைப் பார்த்துக்கொண்டார். "அவ சொன்னா, எனக்காகன்னு சொல்லாத. நீ வெரல்ல காட்டுனது ஒண்ணு, அடிச்சது ஒண்ணு. இனிமே உன் முதுகப் பாத்துக்கிட்டு என்னால நிக்க முடியாதுன்னு."

இருவருக்கும் ஆறு மாதத் தடை. அதன் பிறகு ஓக்ஜூ தேஜோன் நகரத்துக்குப் போய்விட்டார். மிரான் ஆட்டத்தை விட்டுவிட்டார். பயிற்சியாளர் என்ன ஆனார் என்று கேட்டேன். பதவி உயர்வு பெற்று ஓய்வும் பெற்றுவிட்டாராம். நான் ஸ்டூலின் காலை உதைத்தேன். ஸ்டூல் என்ன செய்யும், பாவம்.

அப்படியென்றால் இப்போது எதற்குத் தோற்கிறார் என்று கேட்டேன். அவருக்கு ஆட ஆசை, அவ்வளவுதான். நாற்பத்தைந்து வயதில் கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. ஆனால் நிஜமாக ஆடினால், நீ யார் என்று கேட்பார்கள். பழைய வீராங்கனை என்று சொன்னால் பெயரைத் தேடுவார்கள். தேடினால் அந்த வீடியோ வரும். முன்பிருந்த இரண்டு மன்றங்களிலும் அதுதான் நடந்தது. அங்கே அவர் ஒரு பந்தைத் தவறவிட்டால்கூட, வேண்டுமென்றே விட்டாள் என்றார்களாம். அதனால் இந்த முறை யாருக்கும் கண்ணில் படாமல், நெருங்கி வந்து தோற்றுவிடுவது என்று முடிவு செய்திருந்தார். குளிர்பெட்டிப் போட்டியில் சேரும் எண்ணமே அவருக்கு இல்லை.

"யாருக்கும் நஷ்டமில்லையே," என்றார்.

எனக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"உங்ககூட ஆடுறவங்க ஜெயிக்கணும்னு ஓடுறாங்கல்ல அத்தை. பூயோங் அத்தை போன வாரம் விழுந்து முட்டியச் சிராய்ச்சுக்கிட்டாங்க. நீங்க அந்தப் பந்த நாடாவுல போட்டீங்க. அன்னைக்கு ஓக்ஜூ அத்தைக்குப் பண்ணதையேதான் இப்ப எல்லாருக்கும் பண்றீங்க. இப்ப துண்டுக்காரருகூடச் சொல்லல."

அவர் முகம் வெளுத்துவிட்டது. சொல்லியிருக்கக் கூடாதோ என்று தோன்றியது. ஆனால் சொன்னது பொய்யில்லை.

சனிக்கிழமை வரப்போவதில்லை என்றார். வாருங்கள் என்றேன். நீயே எல்லோரிடமும் சொல்லப் போகிறாயா என்று கேட்டார். இல்லை, அது நீங்கள் சொல்ல வேண்டியது, நான் சொன்னால் கோள் ஆகிவிடும் என்றேன். அவர் எனக்கு நெத்திலி தரவில்லை. அதனால் அது லஞ்சமில்லாத பேச்சு என்று எனக்கு நிம்மதி.

சனிக்கிழமை காலை ஆறே கால். கூடம் நிறைந்திருந்தது. மிரான் இல்லை. ஆறரைக்குத் தலைவர் தொண்டையைச் செருமினார். அப்போது கதவு திறந்தது.

மிரான் காலணியைக்கூட மாற்றாமல் பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். தான் பதினொரு வருடம் அணியில் ஆடியவர் என்றும், ஒரு முறை ஓர் ஆட்டத்தை வேண்டுமென்றே தோற்றதாகவும், அதற்காகத் தடை செய்யப்பட்டதாகவும் சொன்னார். யார் சொல்லித் தோற்றார் என்று முதலில் சொல்லவில்லை. நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அதையும் சொன்னார். கடைசியாக, இங்கேயும் இந்த மூன்று வாரமாக அப்படித்தான் தோற்றேன் என்றார்.

பூயோங் அத்தைதான் முதலில் வாய் திறந்தார்.

"இரு இரு. அப்ப நான் உன்கூட ஆடி ஆறு தடவ தோத்தது?"

"நான்தான் தோத்தேன்."

"நான் வீட்டுல போய் என் வீட்டுக்காரர திட்டுனேனே. உன்னாலதான் எனக்குத் தூக்கமில்ல, அதான் தோக்குறேன்னு."

சிலர் சிரித்தார்கள். பூயோங் அத்தை சிரிக்கவில்லை. தலைவர் ஹோங் விதித்தாளை எடுத்துப் படித்தார். பழைய அணி வீரர்கள் டி நிலையில் ஆடக் கூடாது. சி, பி, ஏ எதிலும் ஆடக் கூடாது. எங்கள் விதியில் அவருக்கு ஒரு நிறமே இல்லை. அதோடு, அவர் இனி ஒரு பந்தைத் தவறவிட்டால் அது நிஜமா பொய்யா என்று யாருக்குத் தெரியும் என்று கேட்டார். நல்ல கேள்விதான். எல்லோர் முகத்திலும் அதே கேள்வி இருந்தது.

வேண்டாம் என்பவர்கள் கை தூக்கலாம் என்றார். பூயோங் அத்தையின் கை எழுந்தது. சன்னல் பக்கம் இன்னொரு கை. அம்மாவின் கை மடியிலிருந்து தோள்வரை வந்து நின்றது. அடுப்புக்கு மேலே ஒட்டிய படம் அம்மா கண்ணுக்குள் ஓடுவது எனக்குத் தெரிந்தது.

சிறுவர்களுக்குக் கை தூக்கும் உரிமை கிடையாது. ஆனால் எண் அட்டை என்னிடம்தான் இருந்தது. நான் போய் ஒரு பக்கம் பதினைந்து என்று திருப்பினேன். மறுபக்கம் பூஜ்யம்.

"என்னடி பண்ற?" என்றார் அம்மா.

ஏ நிலைக்காரர்கள் டி நிலைக்காரர்களோடு ஆடினால் ஐந்து புள்ளி முன்கூட்டியே கொடுப்பது எங்கள் மன்றத்தில் தினமும் நடப்பதுதான். அதையே கொஞ்சம் பெரிதாக்க வேண்டும், அவ்வளவுதானே என்றேன். தலைவரும் அம்மாவும் ஒரு பக்கம். அவர்களுக்குப் பதினைந்து. மிரான் அத்தையும் நானும் மறுபக்கம். எங்களுக்கு ஒன்றுமில்லை. அப்போது அவர் முழு பலத்தோடு ஆடினால்தான் ஜெயிக்க முடியும். பொய் சொல்ல அவருக்கு இடமே இருக்காது.

"பதினஞ்சா?" தலைவருக்கு மீசை துடித்தது. "இருபது வருஷமா ஆடுறேன். எங்களப் பாத்தா எப்படித் தெரியுது உனக்கு?"

"பயமா இருந்தா பதினெட்டு வச்சுக்கலாம் மாமா."

"எவன் பயந்தான்? பதினஞ்சு போதும்."

பூயோங் அத்தையை வலைக் கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். நாடாவை மட்டும் பார்க்க வேண்டும். மிரான் அத்தை ஒரு பந்தைக் குறி வைத்து அதில் போட்டார் என்று தோன்றினாலும் போதும், கையைத் தூக்கலாம். அத்தை இடுப்பில் கை வைத்து, நாடாவிலிருந்து அரை முழத் தூரத்தில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றார். அவர் விளையாடும்போதுகூட அவ்வளவு கவனமாக இருந்து நான் பார்த்ததில்லை.

மிரான் மேலங்கியைக் கழற்றினார். முதல் சர்வீஸ் அவருடையது. நான் பின்னால் நின்றேன். கை முதுகுக்குப் பின்னால் போனது. சுட்டுவிரல் நீண்டது.

குட்டை சர்வீஸ். பந்து நாடாவுக்கு ஒரு விரல் மேலே ஊர்ந்து போய் அந்தப் பக்கம் விழுந்தது. தலைவர் குனியக்கூட இல்லை. ஒன்று.

அடுத்தது கட்டைவிரல். பந்து அம்மாவின் தலைக்கு மேலே பறந்து கோட்டில் விழுந்தது. இரண்டு. காட்டியது எதுவோ அதையே அவர் அடித்தார். ஆட்டம் முழுக்க ஒரு தடவைகூட மாறவில்லை.

அதன்பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது? அந்தச் சத்தமே வேறு. எங்கள் கூடத்தில் பந்து அடித்தால் டப் என்று கேட்கும். அவர் அடித்தபோது தகரக் கூரை திரும்பிச் சத்தம் போட்டது. சுவரோரம் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து கோட்டருகே வந்தார்கள். நான் எங்கே நிற்க வேண்டும் என்று அவர் ஒற்றைச் சொல்லில் சொல்லிக்கொண்டே இருந்தார். "முன்ன." "இடது." "விடு, எனக்கு." நான் ஓடினேன். ஒரு கட்டத்தில், எனக்காக அவர் ஒதுக்கிக் கொடுத்த இடத்தில் நின்று, மெதுவாக வந்த ஒரு பந்தை நானே அம்மாவின் காலடியில் அடித்தேன். அம்மா என்னைப் பெருமையாகவும் கடுப்பாகவும் ஒரே நேரத்தில் பார்த்தார்.

பதினாறுக்குப் பதினொன்று. இருபதுக்குப் பதினேழு. தலைவருக்கு அறிவு வந்துவிட்டது. எல்லாப் பந்தையும் என் பக்கமே அனுப்பினார். பெரிய மனிதர் செய்யும் வேலையா அது என்று பூயோங் அத்தை கம்பத்தருகில் இருந்து திட்டினார். மூக்கை மட்டும் எடுக்கவில்லை.

இருபத்துநான்குக்கு இருபத்துநான்கு. அட்டையைத் திருப்பிக்கொண்டிருந்தது யார் என்றே எனக்குத் தெரியாது. தலைவர் உயரமாக ஒன்றைத் தூக்கிவிட்டார். அது மிரானுக்கும் எனக்கும் நடுவில் இறங்கியது. எனக்கு என்று நான் நினைத்தேன். தனக்கு என்று அவர் நினைத்தார். இருவரும் ஓடி, ஒருவரையொருவர் பார்த்து ஒரே நேரத்தில் நின்றோம். பந்து நடுவில் தரையில் விழுந்தது.

தோற்றுவிட்டோம்.

எல்லோரும் பூயோங் அத்தையைப் பார்த்தார்கள். அவர் மூக்கை வலையிலிருந்து எடுத்து, நாடாவில் ஒன்றுகூடப் படவில்லை என்றார். பிறகு எல்லோரும் மிரானைப் பார்த்தார்கள்.

மிரான் காலால் தரையை ஓங்கி மிதித்தார். மட்டையைத் தொடையில் அடித்துக்கொண்டார். முகம் மிளகாய் விழுதுபோலச் சிவந்திருந்தது. அது என் பந்து, நான் கூப்பிட்டிருக்க வேண்டும், பச்சைப் பிள்ளைபோலக் கோட்டை விட்டுவிட்டேன் என்று தன்னையே திட்டிக்கொண்டு கோர்ட்டைச் சுற்றி நடந்தார். வேண்டுமென்றே தோற்றவர் யாரும் அப்படி நடக்க முடியாது. அதைக் கண்டுபிடிக்க எந்த உளவும் தேவைப்படவில்லை.

தலைவர் ஹோங் தரையில் மல்லாந்து கிடந்தார். மிரான் அவர் தலைமாட்டில் போய் நின்றார்.

"எந்திரிங்க. இன்னொரு ஆட்டம்."

"நாளைக்கு," என்றார் தலைவர், கண்ணைத் திறக்காமல்.

"இப்ப. இந்தத் தடவ பன்னண்டுதான் தருவேன்."

தலைவர் கண்ணைத் திறந்தார். எழுந்து உட்கார்ந்தார். பதினைந்து என்பது பேசி முடித்த விஷயம் என்றார். முதல் ஆட்டத்துக்குத்தான் பேசியது என்றார் மிரான். பூயோங் அத்தை இடையில் புகுந்து, இந்த முறை மிரானோடு தானே ஆடப் போவதாகவும், ஆறு ஆட்டம் பாக்கி இருப்பதாகவும், எதிரிகளுக்குப் பத்துக்கு மேல் ஒரு புள்ளிகூடத் தர முடியாது என்றும் சொன்னார். மீன் சந்தையில்கூட அப்படி ஒரு பேரத்தை நான் கேட்டதில்லை.

கை தூக்கும் விஷயம் என்ன ஆயிற்று என்று நான் கேட்டேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"செயலாளரே," என்று தலைவர் கத்தினார். "வாங்க இங்க. பதினாலுக்குக் கீழ எறங்காதீங்க."

அம்மா தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கோர்ட்டுக்குள் போனார். பேரம் கடைசியில் பதின்மூன்றில் முடிந்தது.